போனக்காட்டு ஜீப்பும் ஐந்து அடுக்கு டேப்பும்

வண்டிக்குள் ஓடும் வயர்க்கட்டைப் பிரித்துப் பழுது பார்த்து மறுபடி டேப் சுற்றுவது என் தொழில். கை பிரித்துக்கொண்டிருக்கும், வாய் எனக்கு முன்னால் சுற்றியவனைத் திட்டிக்கொண்டிருக்கும்.

திருவனந்தபுரத்தில் கிள்ளிப்பாலம் பக்கம் ஒரு தகரக் கொட்டகை. அதில் பாதி சசியுடையது. அவன் இன்ஜின் மெக்கானிக், மலையாளி. மீதி என்னுடையது. நான் நாகர்கோவில் பக்கத்து ஆள். இங்கே எல்லாரும் என்னை ஆசான் என்பார்கள். ஏதோ பெரிய மரியாதை என்று நினைத்துவிட வேண்டாம். இந்த ஊரில் ஸ்பேனர் பிடித்தவன் எல்லாருமே ஆசான்தான்.

நீங்களும் வயர் வேலை செய்கிறவர் என்றால் என் கஷ்டம் சொல்லாமலே புரியும். வண்டி மட்டும் வைத்திருக்கிறவர் என்றால், ஒருமுறை பானெட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு வந்து மீதியைப் படியுங்கள். உள்ளே எவனாவது ஒருவன் கைவரிசையைக் காட்டியிருப்பான். டேப்தானே, எதையாவது சுற்றினால் ஒட்டாதா என்று கேட்கிற இனம் அது. ஒட்டும். சாணிகூட ஒட்டும்.

என் வேலைக்கு ஒரு அடையாளம் உண்டு. சுற்றி முடிக்கும் ஒவ்வொரு முனையிலும் மஞ்சள் டேப்பில் ஒரு சுற்று, அதன் நுனியில் காது மாதிரி ஒரு சின்ன மடிப்பு. பின்னால் பிரிக்க வருகிறவன் பிளேடு வைத்துக் கீறி வயரையும் சேர்த்து அறுக்க வேண்டாம். மடிப்பைப் பிடித்து இழுத்தால் போதும். முகம் தெரியாத அந்த ஆளுக்கு நான் செய்யும் மரியாதை அது. இத்தனை வருஷத்தில் எனக்கு அப்படி ஒரு மரியாதையை எவனும் செய்ததில்லை.

வியாழக்கிழமை வந்த ஜீப்

செல்வராஜ் போனக்காட்டு மலையில், எஸ்டேட் லயத்தில் இருக்கிறவன். தேயிலை வேலைக்கு வந்த தமிழ்க் குடும்பம். தினமும் காலையில் லயத்துப் பிள்ளைகள் ஒன்பது பேரைத் தன் ஜீப்பில் ஏற்றி, வித்துராவில் ஸ்கூல் வாசலில் இறக்குவான். அந்த வாரம் செவ்வாய்க்கிழமை காலை, மலைப்பாதை முழுக்க மூடுபனி. ஒரு கொண்டை ஊசி வளைவில் ஹெட்லைட்டும் ஹாரனும் ஒரே நேரத்தில் செத்துப்போயின. எதிரே ஒரு லாரி. லாரிக்காரன் விடாமல் ஹாரன் அடித்துக்கொண்டு வந்ததால் செல்வராஜ் சத்தத்தை வைத்து ஓரம் ஒதுக்கியிருக்கிறான். அடுத்த வளைவில் லைட் தானாக எரிந்ததாம்.

பிள்ளைகள் வீட்டில் போய்ச் சொல்லாமல் இருக்குமா? சாயங்காலமே ஒன்பது வீட்டு அம்மாக்களும் சேர்ந்து வந்து, இதைச் சரிபண்ணாமல் ஒரு பிள்ளையும் ஏறாது என்று சொல்லிவிட்டார்கள். திங்கட்கிழமை பரீட்சை ஆரம்பம். பஸ் வருகிற நேரத்துக்கும் ஸ்கூல் மணிக்கும் பொருந்தாது. வித்துராவில் இரண்டு மெக்கானிக்குகள் பார்த்துவிட்டு, இங்கே நிறுத்தி ஸ்விட்ச் போட்டால் எரிகிறது, நாங்கள் என்ன செய்ய என்று கையை விரித்துவிட்டார்கள். வியாழக்கிழமை காலை ஜீப் என் கொட்டகைக்கு வந்து சேர்ந்தது.

பானெட்டைத் திறந்தேன். ஆன்லைனில் செருப்பு வாங்கினால் பெட்டி மேல் ஒட்டி வருமே, அந்தப் பிரவுன் பார்சல் டேப். அதைக் கொண்டுபோய் கொதிக்கிற இன்ஜின் பக்கத்தில், வயர் மேல், ஒருவன் சுற்றியிருக்கிறான். காய்ந்து சருகாகி, தொட்டால் பொடிப்பொடியாக உதிர்ந்தது. அட்ரஸ் ஒட்டி ஸ்டாம்பும் வைத்திருந்தால் ஜீப்பையே தபாலில் அனுப்பியிருக்கலாமே என்று ஆரம்பித்தேன். ஆரம்பித்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது. செல்வராஜ் நடுவில், "ஆசானே, நான் இதை வாங்கி ரெண்டு வருஷம்தான் ஆச்சு. பழைய ஓனர்கிட்ட இருந்தப்ப முதல்ல கட்டினது யாருன்னா..." என்று ஏதோ சொல்ல வந்தான். பழைய கதை எனக்கு வேண்டாம், கட்டினவன் லட்சணம் கட்டிலேயே தெரிகிறது என்று அவன் வாயை அடைத்தேன். அவன் ஜீப் சாவியை என் கையில் வைத்தான்.

"திட்டுறதை நல்லாத் திட்டிக்கோங்க ஆசானே. திங்கக்கிழமை அந்த வளைவுல லைட் எரியணும். எனக்கு அது மதி, அது போதும்."

நீலமும் வெள்ளையும்

பார்சல் டேப்பை உதிர்த்ததும் உள்ளே கறுப்பு இன்சுலேஷன் டேப். வீட்டில் ஸ்விட்ச் மாட்டும் எலக்ட்ரீஷியன் பையில் வைத்திருப்பானே, அது. வீட்டுச் சுவருக்குள் அது ராஜா. இன்ஜின் சூட்டில் கோந்து இளகிப் பலாப்பாலாகிவிடும். டேப் ஒரு பக்கம் வழுக்கிக்கொண்டு போகும், பிசின் வயரோடு தங்கிவிடும், அந்த ரோட்டுத் தூசி முழுக்க அதில் வந்து படியும். போதாததற்கு இந்த ஆள் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்து இழுத்துச் சுற்றியிருந்தான். இழுத்துச் சுற்றிய டேப் சும்மா இருக்குமா? சுருங்கி, நுனி கிளம்பிக்கொண்டு நிற்கும். கடைசிச் சுற்றை இழுக்காமல் சும்மா படிய வைக்க வேண்டும். இதைச் சொன்னால் என்னைப் பைத்தியக்காரன் மாதிரிப் பார்க்கிறவர்கள்தான் அதிகம்.

இந்தப் பிசினைப் பார்த்ததும் ரதீஷ் ஞாபகம் வந்தது. ரதீஷ் ஆட்டோ ஓட்டுகிறவன், தம்பானூர் ஸ்டாண்டு. மலையாளிதான், ஆனால் என்னோடு மட்டும் தமிழ் பேசுவான், சினிமா பார்த்துப் படித்த தமிழ். கால்பந்து உலகக் கோப்பை சமயத்தில் வந்து, ஆட்டோவின் வயர்க்கட்டு முழுக்க அர்ஜென்டினா கலரில், நீலமும் வெள்ளையுமாக டேப் சுற்றித் தர வேண்டும் என்றான். கலர் கலராகக் கிடைப்பது இன்சுலேஷன் டேப்தான், இன்ஜின் பக்கம் அது நிற்காது, அதுவும் சீட்டுக்கு அடியில் இருக்கிற வயரை எந்த அர்ஜென்டினாக்காரன் வந்து பார்க்கப் போகிறான் என்று கேட்டேன். கோபித்துக்கொண்டு போய் அவனே சுற்றிக்கொண்டான். போட்டோ எடுத்து எனக்கு அனுப்பவும் செய்தான்.

இரண்டு மாதம் கழித்து ஆட்டோவைத் தள்ளிக்கொண்டு வந்தான். நீலம் வெள்ளையோடு கலந்து, அதில் மண் கலந்து, எந்த நாட்டுக் கொடியிலும் இல்லாத ஒரு நிறம். பெட்ரோலில் துணியை நனைத்து ஒவ்வொரு வயராகத் துடைக்க எனக்கு ஒரு முழுப் பகல் பிடித்தது. இப்போதாவது புத்தி வந்ததா என்று கேட்டேன். அவன் முகம் சிவந்துவிட்டது.

"ஆசானே, டீமைப் பத்தி ஒண்ணும் சொல்லண்டா. தோத்தது டேப் மாத்ரம்."

கழக்கூட்டத்து எலி

வெள்ளிக்கிழமை மூன்றாவது அடுக்கு. சைக்கிள் டியூபைக் கத்தரித்து நாடாவாக்கி, புண்ணுக்குக் கட்டுப் போடுவதுபோல் சுற்றி, மேலே முடிச்சு வேறு போட்டிருந்தான் ஒரு மகானுபாவன். ஆயிலும் சூடும் பட்டு ரப்பர் கூழாகிக் கிடந்தது. நான் கத்தியால் சுரண்டுகிறேன், செல்வராஜ் ஸ்டூல் போட்டு எதிரே உட்கார்ந்திருக்கிறான். தங்கை வீட்டில் தங்கிக்கொண்டு காலை எட்டு மணிக்கே ஆஜர். மணிக்கொரு தரம் ஸ்விட்சைப் போட்டுப் பார்ப்பான். லைட் எரியும். எரிந்தால்தான் அவனுக்குப் பயம். நின்றுபோனால் எங்கே என்று தேடலாம். எரிந்துகொண்டே இருக்கிற லைட்டில் எதைத் தேடுவது?

அந்த நேரம் பார்த்து கழக்கூட்டத்திலிருந்து ஒரு கார், கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். உள்ளே மதுரைக்காரப் பையன், ஐ.டி. கம்பெனியில் வேலை, முகத்தில் ஒரு நிதானம். ஃபிளாட் பார்க்கிங்கில் எலி வயரைக் கடித்துவிட்டதாம். ஆனால் பயப்பட வேண்டாம், அவரே ரிப்பேர் செய்துவிட்டாராம். எலி வாய் வைத்தால் எரியும்படி காரம் தடவிய டேப் ஒன்று வெளிநாட்டிலிருந்து வரவழைத்து, வீடியோ பார்த்துச் சுற்றியிருக்கிறார். வண்டி மட்டும் ஸ்டார்ட் ஆகவில்லை, அதை மட்டும் பார்க்க வேண்டுமாம்.

சத்தியமாகச் சொல்கிறேன், சுற்று அழகான சுற்று. பாதி மேல் பாதி ஏறி, ஒரு சுருக்கம் கிடையாது. என் வாழ்க்கையில் ஒரு கஸ்டமர் சுற்றியதைப் பார்த்து வாயடைத்து நின்றது அன்றைக்குத்தான். பிரித்தேன். உள்ளே எலி கடித்து இரண்டு துண்டான வயர்கள் இரண்டு துண்டாகவே இருந்தன. ஒட்டவே இல்லை. இரண்டு முனைகளையும் எதிரும் புதிருமாகப் படுக்கவைத்து, மேலே காரம் தடவிய டேப்பைப் போர்த்தியிருந்தார். சசி ஸ்பேனரைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தான். ஏன் தம்பி, வயரை ஒட்ட வேண்டாமா என்று கேட்டேன். கொஞ்சமும் கலங்காமல் சொன்னார்:

"வயரை ஒட்டுற இடத்துல விளம்பரம் வந்துச்சுண்ணே. ஸ்கிப் பண்ணப்ப அதுவும் சேர்ந்து போயிருக்கும்."

ஆடக்கூடாததும் ஆட வேண்டியதும்

அன்றைக்கு மத்தியானம் சைக்கிள் டியூப் ஒழிந்தது. அடியில் வெள்ளையாக ஆஸ்பத்திரி பிளாஸ்டர். நான் ஆச்சரியப்படவில்லை. பிளாஸ்டரோடு எனக்குப் பழைய பழக்கம்.

கரமனை அக்ரகாரத்தில் ஒரு மாமா, செக்ரட்டேரியட்டில் பெரிய உத்தியோகத்தில் இருந்து ரிட்டயர் ஆனவர். எழுத்து, கணக்கு, கார் எல்லாமே சுத்தம். ஒருநாள் டிரைவர் பக்கக் கண்ணாடி இறங்க மாட்டேன் என்றது. கதவும் உடம்பும் சேரும் கீல் இடுக்கில் பார்த்தால், அங்கே போகிற வயர்க்கட்டில் பிளாஸ்டரை ஐந்தாறு அடுக்கு இறுக்கிச் சுற்றியிருக்கிறார். கதவைத் திறக்கும்போதெல்லாம் அந்த இடம் மடங்கி நிமிர வேண்டும். அங்கே டேப்பை இடைவெளி விட்டு, கொடி சுற்றுவதுபோல் தளர்வாகச் சுற்றி, அதோடு நிறுத்த வேண்டும். மாமா கட்டிய கட்டில் வயர் மடங்க முடியாமல் ஒரே இடத்தில் ஒடிந்துபோயிருந்தது. மடங்குகிற இடத்தை இப்படியா கட்டுவது என்று என் வழக்கப்படி எகிறினேன். மாமா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு நிதானமாகப் பதில் சொன்னார்.

"எங்காத்து மாமிக்குக் கை முறிஞ்சப்போ டாக்டரும் இதையேதான்யா சுத்தினார். அவர் ஆடப்படாதுன்னார், நீர் ஆடணும்கறீர். உங்க ரெண்டு பேர்ல யார் சொல்றதை நான் கேக்கறது?"

ஆரியசாலையில் ஒரு பாடம்

சனிக்கிழமை காலை டேப் வாங்க ஆரியசாலைக்குப் போனேன். சுடலைமுத்து அண்ணாச்சி கடை. திருநெல்வேலிக்காரர். சாலை மார்க்கெட்டுச் சந்தில் மூன்றடி அகலத்தில் கடை, அதற்குள் உலகத்தில் உள்ள டேப் எல்லாம் இருக்கும். செல்வராஜும் கூட வந்தான். போகிற வழியில் மறுபடி, "ஆசானே, அந்த ஃபர்ஸ்ட் கட்டு..." என்று இழுத்தான். திங்கட்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள்தான் இருக்கிறது, உனக்குப் பேச்சு வேண்டுமா லைட் வேண்டுமா என்று கேட்டேன். லைட் என்றான்.

இன்ஜின் ரூமுக்குத் துணி டேப் கேட்டேன். சூடும் உராய்வும் தாங்குவது அது. மற்ற இடத்துக்குக் கோந்தே இல்லாத வழவழ டேப். தன் மேல் தானே இறுகி நிற்கும், நாளைக்குப் பிரித்தால் பிசின் இல்லாமல் சுத்தமாக வரும். பக்கத்தில் நெய்யாற்றின்கரைக்காரர் ஒருவர் நின்றிருந்தார், என் தொழில்காரர்தான். அவர் கையில் பஞ்சு டேப் ரோல். வெல்வெட் மாதிரி மெத்தென்று இருக்கும். டாஷ்போர்டுக்கு அடியில் வயர்கள் கடகடவென்று ஆடிச் சத்தம் போடாமல் இருக்கச் சுற்றுவது. எங்கே சுற்றப் போகிறீர் என்று கேட்டேன். இன்ஜின் ரூமில் என்றார்.

விடுவேனா? நடுக்கடையில் பாடம் எடுத்தேன். பஞ்சு தண்ணீரைக் குடிக்கும், குடித்தால் விடாது, விளக்குத் திரி எண்ணெயை உறிஞ்சுகிற மாதிரி உறிஞ்சி வைத்துக்கொள்ளும், உள்ளே செம்பு பச்சைப் பொடியாகப் போகும், இந்த மழை ஊரில் இதை இன்ஜின் ரூமில் சுற்றுகிறவன் கையை வெட்ட வேண்டும் என்றேன். அந்த மனிதர் ரோலைப் பொத்தென்று வைத்துவிட்டுப் போய்விட்டார். செல்வராஜ் கீழே குனிந்து செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். அண்ணாச்சி ரோலை எடுத்துத் தூசி தட்டி அலமாரியில் வைத்தார்.

"பஞ்சு டேப் புதுசா வந்தப்ப மொத ஆளா பெட்டியோட தூக்கிட்டுப் போனது நீருதாம்வே. எங்கெங்க சுத்துனீருன்னு நான் என்னைக்காவது கேட்டிருக்கேனா?"

ஐந்தாவது ஆள்

திரும்பி வந்து பிளாஸ்டரைப் பிரித்தேன். இன்ஜின் ரூமிலிருந்து வயர்க்கட்டு டிரைவர் பக்கம் நுழைகிற ஓட்டைக்குச் சற்று மேலே, விரலுக்கு மெத்தென்று ஏதோ தட்டுப்பட்டது. ஐந்தாவது அடுக்கு. கறுப்பு நிறம், சொதசொதவென்று ஈரம். அழுத்தினேன். மழை பெய்து ஒரு வாரம் ஆகியிருந்தது, ஆனாலும் தண்ணீர் என் மணிக்கட்டில் வழிந்தது. பஞ்சு டேப்.

எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வது? மூன்று நாளாகத் தேடிய திருடன் அகப்பட்டான். சசியைக் கூப்பிட்டேன், பக்கத்து பஞ்சர் கடைக்காரரைக் கூப்பிட்டேன். பாருங்கள், இவன்தான் மூலகாரணம், மேலே இருந்த நாலு பேரும் இவனுக்குப் பேரப்பிள்ளைகள், இவன் மட்டும் இப்போது என் கையில் கிடைத்தால் என்று பொரிந்துகொண்டே பிளேடை எடுத்தேன். டேப் முடிகிற இடத்தை விரலால் தடவித் தேடினேன். அழுக்குக்கு அடியில் ஒரு சின்ன மடிப்பு. கட்டை விரலால் துடைத்தேன். மஞ்சள்.

பிளேடு தேவைப்படவில்லை. மடிப்பைப் பிடித்து இழுத்தேன், சமர்த்தாகப் பிரிந்து வந்தது. இத்தனை வருஷத்தில் எனக்காக ஒருவன் மடிப்பு வைத்துவிட்டுப் போயிருக்கிறான் என்றால் அவன் நானேதான். பஞ்சு டேப் புதுசாக வந்த அந்த வருஷம் அதன் மேல் எனக்கு அப்படி ஒரு மோகம். கையில் எடுத்தால் கீழே வைக்க மனசு வராது. டாஷ்போர்டில் தொடங்கியவன், ஓட்டையைத் தாண்டி இன்ஜின் ரூமுக்குள்ளும் அதையே கொண்டுபோயிருக்கிறேன். உள்ளே லைட்டுக்கும் ஹாரனுக்கும் சேர்த்துக் கரண்ட் போகிற வயரில் நான் ஈயம் வைத்த ஜாயின்ட். அதன் பக்கத்தில் செம்பு முழுக்கப் பச்சைப் பொடி. மூன்றே மூன்று இழைதான் பாக்கி. பனி பிடித்தால், பள்ளத்தில் குலுங்கினால், அந்த மூன்றும் ஒன்றையொன்று விட்டுவிடும். கொட்டகையில் நின்றால் தொட்டுக்கொள்ளும். அந்த மூன்று இழையை நம்பித்தான் ஒன்பது பிள்ளைகள் மலையிறங்கிக்கொண்டிருந்தன.

எனக்கு அவமானமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது. அந்த லாரிக்காரன் ஹாரன் அடிக்காமல் வந்திருந்தால் என்று நினைத்தபோது பம்பரிலேயே உட்கார்ந்துவிட்டேன். பஞ்சர் கடைக்காரர் நாசூக்காக நகர்ந்துவிட்டார். மல்லாந்து கிடந்து துப்பினால் சொந்த முகத்தில் விழும் என்று சசி மலையாளத்தில் முணுமுணுத்தான். உனக்குத் தெரியுமா என்று செல்வராஜைக் கேட்டேன். பழைய ஓனர் சொல்லித்தான் என்னிடமே வந்தானாம். அப்புறம் ஏன்டா சொல்லவில்லை என்றேன்.

"மூணு நாளா சொல்ல வரேன், நீங்க விட்டாத்தானே ஆசானே. அதுக்குள்ள நாலு பேரைத் திட்டி முடிச்சிட்டீங்க. அஞ்சாவது ஆளா உங்களைச் சேக்க எனக்கு மனசு வரலை."

ஞாயிற்றுக்கிழமை

ஞாயிற்றுக்கிழமை நான் கொட்டகை திறப்பதில்லை. அன்று ஏழு மணிக்குத் திறந்தேன். பச்சை பிடித்த வயரை ஒட்டுப் போடாமல், ஃபியூஸ் பெட்டியிலிருந்து முனை வரை முழுசாகப் புது வயர் இழுத்தேன். வழியில் ஒரு ஜாயின்ட் கிடையாது. நுழைகிற ஓட்டையில் வெடித்துக் கிடந்த ரப்பர் வளையத்தையும் மாற்றினேன். பிறகு துணி டேப். கீழிருந்து மேலே சுற்ற வேண்டும், ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றின் மேல் பாதி ஏற வேண்டும். ஓடு வேய்கிற மாதிரிதான். மேல் ஓடு கீழ் ஓட்டின் மேல் படிந்தால் தண்ணீர் வெளியே வழிந்துவிடும், மாற்றி வைத்தால் வீட்டுக்குள் வரும். வயரை ஓட்டைக்குள் நுழையும் முன் கொஞ்சம் கீழே தொங்கவிட்டு மேலே ஏற்றினேன். வழிகிற தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும்.

அன்று யாரையும் திட்டவில்லை. திட்ட வேறு யாரும் இல்லை. சுற்றி முடித்ததும் செல்வராஜை லைட்டைப் போடச் சொல்லி, ஹோஸைப் பிடித்து இன்ஜின் மேல் கால்மணி நேரம் தண்ணீர் பாய்ச்சினேன். சசி பம்பரில் ஏறி நின்று ஜீப்பைக் குலுக்கினான். நான் வயர்க்கட்டைப் பிடித்து நாலு பக்கமும் ஆட்டினேன். லைட் கண் சிமிட்டவில்லை. செல்வராஜ் ஹாரனை அழுத்திய கையை எடுக்கவே இல்லை. எதிர் வீட்டுக்காரர் வந்து சண்டை போட்ட பிறகுதான் எடுத்தான்.

கடைசியில் மஞ்சள் டேப்பைக் கையில் எடுத்துவிட்டு யோசித்தேன். சுற்றவா, வேண்டாமா? ஒரு கறுப்புத் துண்டை வைத்து முடித்துவிட்டால் யாருக்கும் தெரியாது. சசி கையைத் துடைத்துக்கொண்டு வந்து, என் கையிலிருந்த ரோலைப் பார்த்தான்.

"மஞ்சள் வேணும் ஆசானே. நாளைக்கு வேற ஒரு ஆசான் பிரிக்கும்போ, திட்டுறதுக்கு ஒரு அட்ரஸ் வேண்டாமா?"

திங்கட்கிழமை

காலை எட்டேமுக்கால் வரை போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். சசி இரண்டு தடவை டீ வாங்கிக் கொடுத்தான், இரண்டும் ஆறிப்போயின. அந்த மலைப்பாதையில் எத்தனை வளைவு என்று எனக்குத் தெரியாது. அன்று காலை நான் எல்லா வளைவிலும் இறங்கினேன்.

செல்வராஜ் வித்துராவிலிருந்து கூப்பிட்டான். பின்னால் ஸ்கூல் பிள்ளைகள் சத்தம். நல்ல மூடுபனியாம். ஏற்றுவதற்கு முன்னால் அம்மாக்கள் ஜீப்பைச் சுற்றி நின்றுகொண்டு, லைட்டைப் போடு, அணை, போடு, ஹாரனை அடி என்று பத்து தடவை வேலை வாங்கியிருக்கிறார்கள். பிறகுதான் ஏற்றினார்களாம். அந்தக் கொண்டை ஊசி வளைவில் பிள்ளைகள் எல்லாம் ஒரு வார்த்தை பேசாமல் முன்னால் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தனவாம். லைட் எரிந்ததாம், ஹாரன் அடித்ததாம், ஒன்பது பேரும் மணி அடிப்பதற்கு முன்னால் இறங்கி ஹாலுக்குள் போயாயிற்றாம். நல்லது என்று மட்டும் சொன்னேன். போனை வைக்கப் போனவன் ஒரு நிமிஷம் நிறுத்தினான்.

"ஆசானே, சரியாக்கினது யாருன்னு அம்மாமாரு கேட்டாங்க, உங்க பேரைச் சொன்னேன். முதல்ல கெடுத்தது யாருன்னும் கேட்டாங்க. பொய் சொல்ல வாய் வரலை, அதுக்கும் உங்க பேரைத்தான் சொன்னேன், கேட்டீங்களா."

இன்ஜின் ரூமுக்கு, டாஷ்போர்டுக்கு, கதவு இடுக்குக்கு என்று தனித்தனியாக டேப் விற்கும் அண்ணாச்சியிடம், அடுத்தவன் கட்டைப் பிரிக்கும்போது பிரிக்கிறவன் வாயில் ஒட்டிக்கொள்ள ஒன்று கேட்டேன், அது மட்டும் ஸ்டாக் இல்லையாம்.